மகாராணி காலத்து வீட்டில் மூன்றாவது பிள்ளைக்கு இடம் பண்ணுவது எப்படி

லண்டனில் விக்டோரியா காலத்து வீடு வாங்க உகந்த சமயம், மனைவிக்கு ஏழாவது மாதம் நடக்கும்போது. அதற்கு முன்னால் போனால் யோசிக்க அவகாசம் கிடைத்துவிடும். யோசிக்கிறவர்கள் இந்த வீடுகளை வாங்குவதில்லை. மூத்தது இரண்டும் ஒரே கட்டிலில் உதைத்துக்கொண்டு தூங்குகின்றன, பிரசவத்துக்கு வரும் மாமியாருக்கு ஆறு மாத விசா கிடைத்தாகிவிட்டது, ஃபிளாட்டில் அவருடைய பெட்டியை வைக்கக்கூட இடமில்லை என்கிற நிலைமையில் போய்ப் பாருங்கள். எல்லாமே லட்சணமாகத் தெரியும். வீட்டுக்கு ஒரு கேரக்டர் இருக்கிறது என்பார் எஸ்டேட் ஏஜென்ட். கூடத்தில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது தன்பாட்டுக்கு உருண்டு சமையலறைக்குப் போகும். பிள்ளைகளுக்கு விளையாட்டாயிற்று என்று சொல்லிக்கொண்டு முன்பணம் கட்டிவிடுங்கள்.

விக்டோரியா 1837-ல் பட்டத்துக்கு வந்து 1901 வரை ஆண்டார். நடுவில் கண்ணாடி வரி 1845-லும், செங்கல் வரி 1850-லும், ஜன்னல் வரி 1851-லும் ஒழிந்தன. தெருத்தெருவாக வீடு கட்டித் தள்ளினார்கள். ஈஸ்ட் ஹாம், வால்தம்ஸ்டோ, டூட்டிங் என்று இன்று நம்மவர்கள் கறிவேப்பிலை வாங்கப் போகும் வட்டாரங்களில் பல தெருக்கள் அந்தக் காலத்தவை, அல்லது அதன் வாலைப் பிடித்து வந்தவை. வரி போன உற்சாகம்தான் தெருப்பக்கம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும் பே விண்டோ. ஏழாம் மாதக்காரிக்கு அதன்மேல் ஒரு பாசம் வருவதில் ஆச்சரியமில்லை.

பணத்துக்கு என்ன வழி என்பதை மகாராணியே காட்டியிருக்கிறார். 1845-ல், நாலு பிள்ளைகள் பிறந்துவிட்ட நிலையில், பக்கிங்ஹாம் அரண்மனையில் குடும்பத்துக்கு இடம் போதவில்லை என்று பிரதமர் ராபர்ட் பீலுக்குக் கடிதம் எழுதினார். பிறகு இன்னும் ஐந்து பிறந்தன, தீர்க்கதரிசிதான். நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது. மேற்கொண்டு தேவைப்பட்டதற்கு, பிரைட்டன் கடற்கரையில் பெரியப்பா நான்காம் ஜார்ஜ் ஆசை ஆசையாகக் கட்டிய மாளிகையை 1850-ல் அந்த ஊருக்கே 53,000 பவுனுக்கு விற்றார்கள். எட்வர்ட் ப்ளோர் என்பவர் கிழக்குப் பக்கத்தை எழுப்பினார். வாசலில் இடைஞ்சலாக நின்ற மார்பிள் ஆர்ச்சைக் கழற்றி ஹைட் பார்க்கின் மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இவ்வளவும் செய்து, ப்ளோர் போட்ட பிரெஞ்சுக் கல் லண்டன் புகைக்குத் தாங்காமல் பொரிந்துபோய், 1913-ல் ஆஸ்டன் வெப் என்பவர் அந்த முகப்புக்கு வேறு கல் போர்த்த வேண்டியதாயிற்று. அரசிக்கே பில்டர் இப்படித்தான் அமைந்தார் என்றால் நமக்கு மனசு ஆறும். ஆகவே முதல் வேலையாக உங்கள் பெரியப்பாவின் கடற்கரை மாளிகையை விற்றுவிடுங்கள். அது இல்லாத துர்ப்பாக்கியசாலிகள் மோர்ட்கேஜ் ஆலோசகரைப் பார்க்கலாம்.

அடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். இந்த வீடுகள் அக்ரகாரத்து வீடுகள் மாதிரி ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்பவை. சுவர் இருவருக்கும் பொது. அதில் இரும்பு உத்தரம் சொருக வேண்டுமானால் 1996-ம் ஆண்டின் பார்ட்டி வால் சட்டப்படி இரண்டு மாதம் முன்பே அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பதினாலு நாளுக்குள் அவர் பதில் போடாவிட்டால் தகராறு என்றே கணக்கு. உடனே சர்வேயர்கள் வருவார்கள். அவர் தரப்பு சர்வேயருக்கும் பெரும்பாலும் கூலி உங்கள் பையிலிருந்துதான். கடிதத்தோடு ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்து அனுப்புங்கள். சட்டத்தில் இது இல்லை. ஆனால் எந்த சர்வேயரையும்விட மலிவு.

இனி அறைக் கணக்கு. மாடியில் இரண்டு பெரிய அறை, ஒரு சின்ன அறை. குளியலறை கீழே, சமையலறையைத் தாண்டிக் கொல்லைக் கோடியில் இருக்கும். கட்டிய நாளில் கழிவறை வெளியே இருந்ததன் மிச்சம் அது. நடுராத்திரி ஐந்து வயதுப் பிள்ளையை மாடியிலிருந்து இறக்கி, கூடம் கடந்து, சமையலறை கடந்து அழைத்துப் போக முடியாது என்று குளியலறையை மாடிக்கு மாற்றுவீர்கள். சின்ன அறை போயிற்று. போன அறையை ஈடுகட்டக் கூரைக்கு அடியில் இருக்கும் லாஃப்ட்டை அறையாக்குவீர்கள். லாஃப்ட்டுக்குப் படி வேண்டும். படி, இருக்கிற அறையில் ஒரு துண்டைக் கடித்துக்கொள்ளும். கடைசியில் கூட்டிப் பார்த்தால் தொடங்கிய இடத்திலேயே நிற்பீர்கள், நல்ல குழாய்களோடு.

ஒரு எச்சரிக்கை. 1911-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் படிவங்களை இப்போது யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். வீட்டில் எத்தனை அறை, அந்த அம்மாளுக்கு எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை தங்கியது என்பதுவரை அதில் எழுதியிருக்கும். உங்கள் முகவரியைத் தேடிவிடாதீர்கள். இதே கூரைக்குக் கீழே ஆறேழு பிள்ளைகளும், வாடகைக்கு ஒரு லாட்ஜரும் இருந்திருக்கக்கூடும். மனைவி அதைப் பார்த்துவிட்டால் லாஃப்ட் வேண்டும் என்ற உங்கள் வாதம் படுத்துவிடும்.

சுவருக்கு வருவோம். ஒன்பது அங்குலம், முழுச் செங்கல், சுண்ணாம்புக் காரை. நடுவே காற்றுக்கு இடைவெளி கிடையாது. மழை உள்ளே போகும், வெயிலில் வெளியே வரும். ஊரில் பழைய காரை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கெடுப்பதற்கு எளிய வழி சிமென்ட். வெளியே சிமென்ட் பூசி, உள்ளே ஜிப்சம் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடியுங்கள். மரத்தரைக்கு அடியில் காற்றோட அவர்கள் விட்ட ஏர் பிரிக் துளைகளை, காலெல்லாம் ஜில்லென்கிறதே என்று அடைத்துவிடுங்கள். தோட்டத்து மண்ணை மேடாக்கி மூடினாலும் சரி. கொஞ்ச நாளில் மூலையில் கறுப்புப் புள்ளி பூக்கும். அப்போது இலவசமாகச் சோதித்துத் தருகிறேன் என்று ஒருவர் இரண்டு ஊசி வைத்த கருவியோடு வருவார். குத்துவார், அது கீச்சென்று கத்தும். முகத்தை ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டு, சுவர் நெடுகத் துளை போட்டு மருந்து ஏற்ற வேண்டும் என்பார். கூரைத் தண்ணீர் இறங்கும் கட்டரில் இலை அடைத்துக்கொண்டு சுவரோடு வழிகிறதே, ஏணி வைத்து அதை எடுத்தால் போதாதா என்று கேட்டுவிடாதீர்கள். ஏணி விற்பது அவர் தொழில் அல்ல.

இந்தப் புதுப்பித்தலிலேயே ரசமான கட்டம் வால்பேப்பர் உரிப்பதுதான். தண்ணீர் தடவிச் சுரண்டுங்கள். மேலே வெள்ளை பெயிண்ட். அதன் கீழே மரத்தூள் ஒட்டிய உட்சிப். நகக்கண்ணில் ஏறி ராத்திரி சாதம் பிசையும்போது ஞாபகப்படுத்தும். அதன் கீழே எழுபதுகளின் ஆரஞ்சு வட்டங்கள், அதன் கீழே ரோஜாக்கொத்து. அதற்கும் கீழே ஒரு பச்சை தலைகாட்டினால் கையை எடுத்துவிடுங்கள். ஷீலே என்ற வேதியியலர் 1775-ல் கண்டுபிடித்த பச்சையும் அதன் பங்காளிகளும் ஆர்செனிக்கில் செய்தவை. விக்டோரியா காலத்தார் அதைக் குழந்தைகள் அறையிலும் ஒட்டி மகிழ்ந்தார்கள். வால்தம்ஸ்டோவில் 1834-ல் பிறந்த வில்லியம் மோரிஸ், இன்றும் எல்லோரும் ஆசைப்படும் அந்தப் பூ-இலை-பறவை வால்பேப்பர்களை வரைந்தவர். அவருடைய குடும்பச் சொத்தே டெவன் கிரேட் கன்சால்ஸ் என்ற சுரங்கத்தில் இருந்தது. அங்கே செம்பும் எடுத்தார்கள், ஆர்செனிக்கும் எடுத்தார்கள். பழைய கட்டடங்களைப் 'புதுப்பிக்கிறேன்' என்று சுரண்டிக் கெடுப்பதைத் தடுக்க 1877-ல் ஒரு சங்கம் தொடங்கியவரும் இதே மோரிஸ்தான். அவருடைய டிசைனை ஒட்டுவதற்காக நாம் சுவரைச் சுரண்டுகிறோம். அவர் பார்த்தால் எந்தப் பக்கம் நிற்பார் என்று எனக்கே குழப்பம்.

காகிதத்தோடு பூச்சும் பலகை பலகையாக இறங்கும். உள்ளே மெல்லிய மரச்சட்டங்களும், காரையில் கலந்த மாட்டு மயிரும் தெரியும். பயப்பட வேண்டாம். இத்தனை வருஷமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த வால்பேப்பர்தான்; இப்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் கேலியை நிறுத்திக்கொள்கிறேன். உட்கூரையில் சுழிசுழியாக ஆர்டெக்ஸ் என்ற பூச்சு இருந்தால் சோதனைக்கு அனுப்பாமல் சுரண்டாதீர்கள். 1980-கள் வரை அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தார்கள், பிரிட்டனில் முழுத்தடை வந்தது 1999-ல்தான். கதவு, ஜன்னல்களின் பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும். உப்புத்தாள் போட்டு வறட்டுத்தூளாகத் தேய்க்காதீர்கள், பிள்ளைத்தாய்ச்சியையும் குழந்தைகளையும் கிட்டே விடாதீர்கள். கேலிக்குத் திரும்பலாம்.

நிறம். ஃபாரோ அண்ட் பால் கடையில் யானையின் மூச்சு என்று ஒன்று விற்கிறார்கள், செத்த சால்மன் மீன் என்று ஒன்று, ஆர்செனிக் என்றே ஒன்று. எதை அடித்தாலும் பிள்ளை வளர்கிற வீட்டில் இடுப்பு உயரம் வரை கடைசியில் அது மஞ்சள்தூள் நிறம்தான்.

சமையலறையை என்ன செய்வது என்று பத்திரிகைகளைப் பார்த்தால் எல்லோரும் ஒரே குரலில், சுவரை இடி என்பார்கள். இடியுங்கள். பக்கவாட்டுச் சந்து இடத்தையும் சேர்த்துக் கண்ணாடிக் கூரை போட்டு, நடுவில் மேடை வைத்து, அதில் எலுமிச்சம்பழக் கிண்ணம் ஒன்றை வையுங்கள். பிறகு மாமியார் அந்த மேடையில் நின்று காய்ந்த மிளகாயைத் தாளிப்பார். முன்கூடத்து சோபா இருமும், படிக்கட்டு இருமும், மேலே தொட்டிலில் இருப்பது தும்மும். புகை அலாரம் ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு சுருதியில் எடுக்கும். பெரியவர்களை முன்னறையிலும் நாற்றத்தைப் பின்கட்டிலும் வைத்திருந்த அந்த நூற்றாண்டுக்காரர்களுக்கு நம் வீட்டுத் தாளிப்பைப் பற்றி எப்படித் தெரிந்ததோ! இடித்த சுவரை மறுபடி எழுப்பும்போது பழைய செங்கலைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் குப்பைத் தொட்டியில் போட்டதுதான் விலைக்குத் திரும்பி வரும்.

கணப்பு விஷயமும் அப்படித்தான். முன்னால் இருந்தவர் பிடுங்கி எறிந்து பலகை அடித்திருப்பார். நீங்கள் பழைய சாமான் கிடங்கில் அதே வார்ப்பிரும்புக் கணப்பைத் தேடி வாங்கி, பலகையைப் பெயர்த்துப் பொருத்துவீர்கள். எங்கள் மாமியார் மாடி அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "ஏன் மாப்பிள்ளை, ரூமுக்கு ஒரு அடுப்பு வச்சிருக்காங்களே, அண்ணன் தம்பியெல்லாம் தனித்தனியாப் பொங்கித் தின்னாங்களோ?" அப்படி இல்லை, குளிருக்கு என்று சொன்னேன். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. ஆனால் கணப்பின் பக்கத்தில் இருக்கும் மாடத்தை ஒரே பார்வையில் சாமிக்கென்று பிடித்துக்கொண்டார். எந்த இன்டீரியர் டிசைனரும் அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான உபயோகம் சொல்லி நான் கேட்டதில்லை.

பில்டரைப் பற்றி இரண்டே வார்த்தை. வந்ததும் அண்ணாந்து பார்த்து, இதைச் செய்தது யார் என்று வருத்தத்தோடு கேட்பார். அவருக்கு அடுத்து வருகிறவரும் கேட்பார். மற்றபடி, மாமியார் அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போட ஆரம்பிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்கட்டும் டீயும் தருகிற வீட்டில் வேலை முடியும். வத்தக்குழம்பு ருசி கண்ட கோஷ்டி, முடிந்த கதவை மறுபடி கழற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

லாஃப்ட்டுக்கு, டெரஸ் வீடாக இருந்தால் 40 கன மீட்டர் வரை பிளானிங் அனுமதி இல்லாமலே கூட்டலாம். தெருப்பக்கத்துச் சரிவைத் தாண்டி நீட்டக் கூடாது, பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக இருந்தால் இந்தச் சலுகையும் கிடையாது. மூன்றாவது தளம் வந்துவிட்டதால், படிக்கட்டைப் பார்த்த கதவெல்லாம் தீ தாங்கும் கனக் கதவாக மாற வேண்டும். அவற்றைப் பத்து வயதுப் பையன் தள்ளித் திறந்தால் தனியாக உடற்பயிற்சி வகுப்பு வேண்டியதில்லை.

அறை தயாரானதும் குடும்பத்தோடு மேலே ஏறிப் பாருங்கள். குழந்தை இன்னும் அம்மா கட்டிலை விட்டு வராது. மூத்தது இரண்டும், தனியாகப் படுக்கப் பயம், அந்த ஒரே கட்டில்தான் வேண்டும் என்னும். மாமியார் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டே நாலு பக்கமும் பார்த்து மெச்சுவார்: "நல்லா விசாலமா இருக்கு மாப்பிள்ளை. பெட்டியெல்லாம் இங்க கொண்டாந்து வச்சிரலாம்." வைக்கலாம், புது உத்தரம் தாங்கும். பெட்டிகளை ஏற்றும்போது அந்தத் தீக்கதவுக்கு மட்டும் அம்மிக்குழவியை முட்டுக் கொடுத்துவிடாதீர்கள். கவுன்சில் இன்ஸ்பெக்டர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.