இரண்டு ஏட்டிலும் ஒரே எழுத்து

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் (உள்ளாட்சி அலுவலகத்தில்) தாத்தா எழுத்தராக இருந்த பிரெஞ்சுக் காலத்தில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றுக்கும் ஏடு இரட்டை. பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தின் ஏற்பாடு அது. ஆண்டு முடிந்ததும் ஏடுகளை மூடிக் கையெழுத்திட்டு, ஒரு மாதத்துக்குள் ஒன்றைக் கொம்யூனிலும் மற்றதை நீதிமன்றத்திலும் சேர்த்துவிட வேண்டும். குடியேற்றங்களின் ஏடுகளுக்கு மூன்றாவது பிரதி எடுத்து பிரான்சுக்கு அனுப்பும்படி 1776-லேயே அரசாணை பிறந்திருந்தது. கரையான் அரித்தாலும் புயலில் கூரை போனாலும் ஏதாவது ஒன்று மிஞ்சுமல்லவா?

எனக்கும் கணக்கு மூன்றுதான். வில்லியனூர் வீட்டு மாடியில் உட்கார்ந்து, எங்கெங்கோ இருக்கும் கணினிகளில் ஓடுகிற கசாண்ட்ரா தரவுத்தளத்தைப் பராமரிக்கிறேன். அவினாஷ் லக்ஷ்மனும் பிரசாந்த் மாலிக்கும் ஃபேஸ்புக்கில் உருவாக்கிய அது, 2008-இல் பொதுவுக்கு வந்தது. ஒவ்வொரு பதிவையும் பல கணினிகளில் வைக்கும், எங்களிடம் மூன்றில்.

பிரதி எடுப்பதில் பெரிய சிரமம் இல்லை. எடுத்தவை நாளடைவில் ஒன்றுக்கொன்று மாறிப்போகாமல் பார்த்துக்கொள்வதில்தான் உயிர் போகும். ஒரு பெண்ணின் பிறப்பு ஏட்டில் ஏறி இருபது வருஷம் கழித்து அவளுக்குக் கல்யாணம் நடக்கிறது. பிறப்புப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும். ஓர் ஏடு கையில் இருக்கிறது, இன்னொன்று நீதிமன்றத்தில். மூன்று நாளுக்குள் தகவல் அனுப்பு, இரண்டு ஏட்டிலும் குறிப்பு ஒரே மாதிரி ஏறுகிறதா என்று அரசு வழக்கறிஞர் கவனிக்கட்டும் என்றது பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தின் 49-ஆம் பிரிவு. தமிழ்ப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதும்போது ஓர் எழுத்து இடம் மாறினால் போதும். பின்னாளில் ஓய்வூதியத்துக்கோ குடியுரிமைக்கோ போய் நின்றவர் அலைக்கழிந்து போவார்.

இரண்டு ஏட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் ஓய்வுபெற்ற பிறகும் தாத்தாவை விடவில்லை. குத்தகைக் கணக்கை இரண்டு நோட்டில் எழுதுவார். மாதக் கடைசியில் ஒன்றை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, மற்றதில் மர அடிக்கோலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டே வருவார். நான் வேகமாகப் படித்தால் கோல் நின்றுவிடும். "மறுபடி சொல்லுடா" என்பார்.

இன்று அந்தக் கோலை நகர்த்துவது கணினி. ஒரு கணினி படுத்துவிட்டால், அதற்குப் போக வேண்டிய பதிவுகளை மற்றவை வழக்கமாக 3 மணி நேரம்வரை சேர்த்து வைத்திருக்கும். அதற்கு மேல் சேர்க்காது. பிறகு பிரதிகளை ஒப்பிட்டுச் சரிசெய்யும் 'ரிப்பேர்' வேலையை ஓட்டித்தான் ஆக வேண்டும். கோடிக்கணக்கான பதிவுகளை ஒவ்வொன்றாக அனுப்பி ஒப்பிட்டால் விடிந்துவிடும். அதனால் பதிவுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சுருக்க எண் கணக்கிட்டு, அந்த எண்களிலிருந்து இன்னும் மேலான எண்கள் என்று மரமாக அடுக்குகிறார்கள். ரால்ஃப் மெர்க்கிள் 1979-இல் யோசித்த முறை. உச்சி எண் ஒத்துப்போனால் வேலை முடிந்தது. ஒத்துப்போகாவிட்டால் மாறுபடும் கிளையில் மட்டும் இறங்கி, வேறுபட்ட பகுதியை மட்டும் அனுப்பிச் சரிசெய்யலாம்.

எனக்கு மிகுந்த கவலை தருவது அழித்த பதிவுகள்தான். கசாண்ட்ரா எதையும் உடனே அழிப்பதில்லை; 'இது அழிக்கப்பட்டது' என்று ஒரு குறி வைக்கிறது. மாற்றியமைக்காவிட்டால் அந்தக் குறிக்கு ஆயுள் 10 நாள். அதற்குள் ரிப்பேர் ஓடவில்லையென்றால், குறி சேராத பிரதியிலிருந்து செத்த பதிவு உயிரோடு திரும்பி மற்ற கணினிகளுக்கும் பரவும். எங்கள் பெரியத்தை இறந்து, இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகும் ஓர் அலுவலகப் பட்டியலில் அவர் வாழ்ந்துகொண்டிருந்தார். அவர் பெயருக்குக் கடிதம் வரும்போதெல்லாம் மாமா திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார்.

எங்கள் ரிப்பேர் சனிக்கிழமை இரவு. வட்டுக்கும் வலையமைப்புக்கும் பளு கூடும் என்பதால் ஆள் பக்கத்தில் இருந்துதான் தொடங்குவோம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த 2024 நவம்பர் 30-உம் சனிக்கிழமைதான். கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி பாகூர்ப் பக்கம் வெள்ளக்காடு. மின்சாரம் வந்ததும் முதல் வேலையாக ரிப்பேரைத் தொடங்கினேன். 10 நாள் கெடுவுக்குள் முடிந்தது. வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்திருப்பதே இந்த மாதிரி நாட்களுக்காகத்தான். 'இந்த வாரம் விட்டுவிடலாமே, வேகம் குறைகிறது' என்று யார் கேட்டாலும் நான் இசைவதில்லை.

தாத்தா பார்த்த பதிவு வேலையின் இன்றைய நிலைக்கு வருகிறேன். 2023 அக்டோபர் 1-லிருந்து பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பிறகு பிறந்த குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல், அரசு வேலைவரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பதிவுகள் தேசிய அளவில் ஒரே தரவுத்தளத்தில் சேர்கின்றன. அங்கிருந்து மற்றப் பட்டியல்களுக்கும் போகலாம். பாகூரில் விழுகிற ஓர் எழுத்துப்பிழை அத்தனை இடத்துக்கும் போகும் என்று அர்த்தம். இந்தப் பட்டியல்களை எந்த நாளில், யார் ஒப்பிட்டுப் பார்ப்பார் என்பதைக் கொம்யூன் அலுவலக வாசலிலேயே பெயரோடு எழுதிப்போட வேண்டும்.