காலி டப்பாவின் இலக்கணம்

அடுக்களை டப்பா காலியா என்றறிய நம் வீடுகளில் உள்ள முறை, குலுக்கிப் பார்ப்பது. ஜாவாஸ்கிரிப்ட் டப்பாவைக் குலுக்கினால் கேட்பவரைப் பொறுத்துச் சத்தம் மாறும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1995-இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதிய மொழி இது. இல்லாமைக்கு இதில் இரண்டு பெயர். 'நல்' என்றால், டப்பா காலி என்று வீட்டுக்காரரே ஒப்புக்கொள்வது. 'அன்டிஃபைன்ட்' என்றால், எந்த டப்பா என்று அவர் விழிப்பது. காலி அரே இன்னும் விசேஷம். இஃப் போட்டுக் கேட்டால் ட்ரூ பக்கம் போகும். இரட்டைச் சமக்குறி போட்டு ஃபால்ஸுக்குச் சமமா என்றால் அதற்கும் ஆமாம் போடும். இப்படிப்பட்ட சாட்சியை எந்த வக்கீலும் கூண்டில் ஏற்றமாட்டார்.

இனி கள ஆய்வு. நான் செய்த குறிப்புப் பெட்டி ஒன்று. அதன் ஸ்லாட்டில், அதாவது பயன்படுத்துபவர் உள்ளடக்கம் வைக்கும் இடத்தில், ஏதாவது இருந்தால்தான் மஞ்சள் பின்னணியும் 16 பிக்சல் பேடிங்கும் வரவேண்டும். ஒன்றுமே வைக்கவில்லை, மஞ்சள் பட்டை மட்டும் திருஷ்டிப் பூசணி மாதிரி உட்கார்ந்திருந்தது. ஸ்லாட்டில் எத்தனை நோடு என்று எண்ணினேன்: 1. பிரித்துப் பார்த்தால் ஒரு என்டர், நான்கு ஸ்பேஸ். மூடும் டேகை அடுத்த வரியில் போட்ட புண்ணியவான் நானேதான். சிஎஸ்எஸ்ஸின் 'எம்ப்டி'யிடம் முறையிட்டும் பயனில்லை. உள்ளே கமென்ட் கிடந்தால் அது கண்டுகொள்ளாது. ஒரு ஸ்பேஸ் கிடந்தால் காலி என்று ஒப்பாது.

'ட்ரிம்' போட்டால் தீர்ந்தது என்பது பூர்வபட்சம். அதை மறுக்க நம் ரிக்‌ஷாவே போதும். அதில் க், ஷ இரண்டும் ஒட்டாமலிருக்க நடுவே அகலமில்லாத ஒரு குறி நிற்கிறது, யூனிகோடில் 200சி. ட்ரிம் அதைத் தொடாது. எழுத்தெல்லாம் அழிந்து அது மட்டும் தங்கிவிட்டால் கண்ணுக்குச் சூனியம், நீளம் 1.

எதிர்த் திசையிலும் வம்பு உண்டு. எழுத்தை மட்டும் தேடினால், படம் மட்டும் வைத்தவர் ஒன்றும் வைக்காதவர் ஆகிவிடுவார். ஆகவே எலிமென்ட் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இல்லாதபோது மட்டும் எழுத்தை ட்ரிம் செய்து நீளம் பார்ப்பதே என் கட்சி. ரிக்‌ஷாவுக்குத் தனியாக ஒரு ரீப்ளேஸ் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்லாட்டில் ஒன்றும் வைக்காத அன்பர்கள், தயவுசெய்து டேகைத் திறந்த வரியிலேயே மூடிவிடுங்கள்.