வாத்தியம் இல்லாத கச்சேரி

கேள்வி: வீணை, மிருதங்கம் எதுவுமே இல்லாமல் வெறும் குரலை வைத்துக்கொண்டு ஒரு குழு உலகப் புகழ் பெற முடியுமா?

பதில்: சுருதிப் பெட்டிகூட இல்லாமல் சாதித்தவர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் 'லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ' குழுவை ஜோசப் ஷபலாலா 1960களின் தொடக்கத்தில் உருவாக்கினார். லேடிஸ்மித் அவரது சொந்த ஊர், பிளாக் என்பது பலம் மிக்க கறுப்பு எருது, மம்பாசோ கோடாலி. எதிராளிகளை வெட்டிச் சாய்ப்பார்களாம்! சாய்க்கவும் செய்தார்கள். பாட்டுப் போட்டிகளில் இவர்களே ஜெயித்துக்கொண்டிருந்ததால், ஒரு கட்டத்தில் 'பாடுங்கள், போட்டி மட்டும் போடாதீர்கள்' என்று அமைப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள்.

இவர்கள் பாடும் பாணியின் பெயர் இசிகதமியா. ஊரைவிட்டு வந்து சுரங்க விடுதிகளில் அடைபட்டிருந்த ஜூலு தொழிலாளர்கள் சனிக்கிழமை இரவுகளில் வளர்த்த கலை. காவலாளி விழித்துக்கொள்ளக் கூடாதென்று நுனிக்காலில் ஆடினார்களாம். நம் மாடி வீட்டுக்காரர்களுக்கும் யாராவது இதைக் கற்றுத் தரலாம். முன்னால் ஒருவர் பாட, பின்னால் ஏழெட்டுக் கட்டைக்குரல்கள் மெத்தை விரித்தாற்போல் தாங்கும். கத்தல் கிடையாது, அந்த அடக்கம் ஷபலாலா சேர்த்த மெருகு. கனவில் கேட்ட குரல்களை ஒட்டி அமைத்ததாகச் சொல்வார்.

1986இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' ஆல்பம் இவர்களை உலகெங்கும் கொண்டுபோனது. நிறவெறி அரசு மீதான கலாசாரப் புறக்கணிப்பை சைமன் மீறிவிட்டார் என்று சண்டையும் மூண்டது. பிறகு ஐந்து கிராமி விருதுகள். 1993இல் மண்டேலா நோபல் பரிசு வாங்க ஆஸ்லோ போனபோது இவர்களும் உடன் போனார்கள். ஷபலாலா 2020இல் காலமானார். குழுவில் இப்போது அவருடைய மகன்கள் பாடுகிறார்கள். வாரிசு அரசியல்தான், ஆனால் இங்கே சுருதி சேராவிட்டால் உடனே தெரிந்துவிடும்!