கூடாரமும் கொடுவாளும்

குடுபல்லி என்ற ஊர்ப் பக்கம் வார இறுதியில் கூடாரம் போட வரும் பெங்களூர்க்காரர், அதற்கு முன் ஒரு மாதம் கத்தி ஆராய்ச்சியில் கிடந்திருப்பார். எஃகில் கரி எவ்வளவு, அலகு பிடிக்குள் கடைசி வரை ஓடுகிறதா, உறை இடுப்பில் எந்தக் கோணத்தில் தொங்கும்... எல்லாம் பிரெட்டில் ஜாம் தடவ.

மலிவான மடங்காத கத்தி என்றால் உலகமே கைகாட்டுவது ஸ்வீடன் நாட்டு மோராவை. பிளாஸ்டிக் பிடி, நாலு அங்குல அலகு. கத்தியில் குறை இல்லை. கடல் தாண்டி வருவதற்குள் மலிவுதான் கரைந்துவிடும்.

இங்கே கொல்லர் பட்டறையில் பழைய லாரி வில்பட்டையை வெட்டி, பழுக்கக் காய்ச்சி, அடித்து, தோய்த்துக் கொடுவாளாக்குகிறார்கள்.

"அண்ணா, இது என்ன ஸ்டீலு?"

"லாரி ஸ்டீலுங்க."

சுமையில் வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த எஃகு அது. இளநீரும் சீவலாம், புளியங்கொம்பும் கழிக்கலாம். ஜாம் தடவத்தான் சற்று அகலம்.

சட்டமும் அகலம் பார்க்கும். ஒன்பது அங்குல நீளமோ இரண்டு அங்குல அகலமோ தாண்டிய அலகை 2016 ஆயுத விதிகள் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு, விவசாயக் கருவிக்கு விலக்கு உண்டு. வரப்பில் கொடுவாளோடு நடப்பவர் விவசாயி. அதையே முதுகுப்பையில் செருகி ரயிலேறினால் போலீஸ்காரரிடம் உங்கள் விவசாயத்தை விளக்க வேண்டிவரும்.

எதை வாங்கினாலும் ஒரு சாணைக்கல்லும் சேர்த்து வாங்குங்கள்.