கசங்காத விரிப்பு: பெரம்பலூர், அரியலூர் ரங்ரூட்டுகளின் உறக்கம் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

இராணுவத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் துப்பாக்கியைப் பற்றியே எழுதித் தீர்த்துவிட்டார்கள். பெட்ஷீட்டை யாரும் சீண்டவில்லை. ஆனால் ஓய்வுபெற்று ஊர் திரும்பி மக்காச்சோளமோ பருத்தியோ போட்டுக்கொண்டிருக்கும் மிலிட்டரிக்காரர் ஒருவரை டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து, "சேர்ந்த புதுசுல எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லைக்குப் போவதற்கு முன்பே படுக்கைக்குப் போய்விடுவார்.

"கட்டில் குடுத்தான், மெத்தை குடுத்தான், படுக்கத்தான் முடியல" என்பதே வாக்குமூலங்களின் சாரம். படுக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. விடிந்ததும் பயிற்சி தரும் உஸ்தாத் பாரக்குக்குள் வருவார். விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. கம்பளி மூலைக்கு மூலை மட்டமாக மடிந்திருக்க வேண்டும். படுத்தால் கசங்கும். கசங்கினால் பி.டி.க்கு ஃபாலின் ஆவதற்குள் திருத்த நேரம் கிடைக்காது. ஆகவே ரங்ரூட், அதாவது புதிதாகச் சேர்ந்தவன், முந்தின நாள் இரவே விரிப்பை இழுத்துச் செருகிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் முடங்கிக்கொள்கிறான். கட்டில் இருந்தும் தரையில் படுக்கும் இந்த நிலையே ஆய்வுப் பொருள்.

2. ஆய்வுக் களம்

களத் தேர்வு தற்செயலானதல்ல. பெரம்பலூரிலிருந்து 2001-இல் பிரிந்த அரியலூர், 2002-இல் மறுபடி சேர்ந்து, 2007-இல் மீண்டும் பிரிந்தது. பிரிப்பதிலும் மடிப்பதிலும் இவ்வளவு பட்டறிவுள்ள மண் வேறில்லை.

இரு மாவட்டத்துப் பையன்களும் திருச்சி இராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கணக்கில் வருகிறார்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மதிப்பெண். கம்பியில் 10 முறை எம்பினால் 40. ஒன்பது அடிப் பள்ளத்தையும் தாண்ட வேண்டும். இதற்காகப் பொழுது விடியுமுன் புறவழிச்சாலையில் ஓடுகிறார்கள். 2022-இல் அக்னிபத் திட்டம் வந்து, படையில் சேர்பவன் பெயர் அக்னிவீர் ஆனபோதும், பெட்ஷீட் விரிக்கத் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை.

3. முன்னோர் ஆய்வுகள்

அமெரிக்கக் கடற்படை அட்மிரல் வில்லியம் மெக்ரேவன், 2014-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், உலகை மாற்ற விரும்புகிறவன் காலையில் முதலில் தன் படுக்கையைச் சரிசெய்யட்டும் என்றார். பிறகு அது புத்தகமாகவும் வந்து விற்றுத் தீர்ந்தது. நம்மவர்கள் அவரைத் தாண்டியவர்கள். இரவிலேயே கலைக்காதவனுக்குக் காலையில் சரிசெய்ய என்ன இருக்கிறது?

உள்ளூர் வரலாற்றையும் பார்க்க வேண்டும். 1751-இல் இரஞ்சன்குடிக் கோட்டைக்கு அருகே, வாலிகொண்டாபுரத்தில், ஆங்கிலப் படை பிரெஞ்சுக்காரர்களிடம் தடுமாறித் திருச்சி நோக்கிப் பின்வாங்கியது. ஏழே ஆண்டில், 1758-இல், மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வித்திட்ட பட்டாளங்கள் எழுந்தன. இடைப்பட்ட காலத்தில் யாரோ படுக்கையைக் கவனித்திருக்க வேண்டும் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. இதற்குச் சான்று ஏதுமில்லை; மறுக்கவும் சான்றில்லை.

4. கருதுகோள்

நம் பையன் பாயில் வளர்ந்தவன். விடிந்ததும் சுருட்டி மூலையில் சாத்திவிட்டால் அவன் எப்படிப் படுத்தான், எப்போது எழுந்தான் என்பதற்குத் தடயமே கிடையாது. கட்டில் அப்படியல்ல. பகல் முழுக்க நின்று சாட்சி சொல்லும். அவன் உறக்கம் முதன்முதலாக ஒரு மேலதிகாரியின் பார்வைக்குப் போகிறது.

இடமோ மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கும் நீலகிரி வெலிங்டன். கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீட்டருக்கும் கூடுதலான உயரம். சித்திரை வெயிலில் வெந்த உடம்பு, ஸ்வெட்டரும் சாக்ஸும் மாட்டிக்கொண்டு தரையில் நடுங்கும். கம்பளி கட்டிலில் மடிப்புக் கலையாமல் கதகதப்பாக இருக்கும்.

இதில்தான் ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு உள்ளது. விரிப்புக்கு நான்கு மூலை. மனிதனுக்கு இரண்டு கை. தனியாக இழுத்தால் ஒரு பக்கம் நேராகும்போது மறுபக்கம் சுருங்கும். அடுத்த கட்டில்காரன் மறுமுனையைப் பிடித்தாக வேண்டும். அவன் கொல்லத்துக்காரனாகவோ கர்நூல்காரனாகவோ இருப்பான். இவனுக்கு அவன் பாஷை தெரியாது. அவனுக்கு இவன் பாஷை தெரியாது. இருவருக்கும் தெரிந்த இந்தி, உஸ்தாத் திட்டிய இந்தி மட்டுமே. ஆயினும் இரண்டே இரவில் ஒருவன் தலையசைத்தால் மற்றவன் இழுக்கிறான். ஒருவன் விரிப்பில் சுருக்கம் தெரிந்தால் பாரக்கே ஃப்ரண்ட் ரோல் அடிக்க வேண்டியிருப்பதால், இந்தப் பாசம் வேகமாக வளர்கிறது. விரிப்பின் நோக்கம் சுத்தம் என்பது மேலோட்டமான வாசிப்பு. ஒருவனால் முடியாத வேலையை முதல் வாரத்திலேயே கையில் கொடுப்பதுதான் அதன் நோக்கம்.

5. எதிர்வாதம்

அசையாமல் படுத்தால் கட்டிலிலேயே தூங்கலாமே என்பார் சிலர். அப்படித் தூங்கத் தெரிந்தது இப்பகுதியில் ஒன்றே ஒன்றுதான்: 1940-இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரம். 18 மீட்டர் நீளத்தில், ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளாகப் புரளாமல் கிடக்கிறது. அக்னிவீருக்கு வயது வரம்பு உண்டு என்பதால் அதைச் சேர்க்க இயலாது.

6. பின்விளைவுகள்

முதல் லீவில் வந்தவன் அம்மா விரித்த பாயைச் சுற்றிச் சுற்றி வருகிறான். மேலே போட்ட பழைய சேலையின் நுனியை நீவுகிறான். "ஏண்டா, படுக்கறதுக்குப் போட்டனா, பாக்கறதுக்குப் போட்டனா?" என்று அம்மா கேட்கிறாள். "இல்லம்மா, அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க" என்கிறான். தம்பிக்குக் காலேஜ் பேக்கைக்கூட மட்டமாக வைக்கச் சொல்லித் தருகிறான். தம்பி போலீஸ் தேர்வுக்குப் படிக்க முடிவு செய்கிறான்.

7. பரிந்துரை

ஆள்சேர்ப்பு மைதானத்தில் ஓட்டத்தோடு விரிப்புத் தேர்வையும் சேர்க்கலாம். முன்பின் தெரியாத இருவரிடம் ஒரு பெட்ஷீட்டைக் கொடுத்தால் போதும். மதிப்பெண் போடும்போது மட்டும் ஒரு சிக்கல் வரும்: ஒருவனை பாஸாக்கி மற்றவனை ஃபெயிலாக்க முடியாது. இத்தேர்வைக் கொண்டுவரச் சொல்வதற்கு அதுவே காரணம்.