கம்பம் பள்ளத்தாக்கில் அல்லைடு கெமிஸ்ட்ரி: ஒரு முதற்கட்ட ஆய்வறிக்கை

ஆய்வுப் பரப்பு

விலங்கியலுக்கோ தாவரவியலுக்கோ இயற்பியலுக்கோ இடம் கேட்டுக் கல்லூரிக்குப் போனவர், கேட்காமலேயே பெற்றுக்கொண்டு திரும்பும் பாடம் அல்லைடு கெமிஸ்ட்ரி எனப்படும். காய்கறிக் கடையில் கொசுறாகப் போடும் கறிவேப்பிலை போன்றது அது என்று ஒரு சாரார் கூறுவர். கறிவேப்பிலையை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இதைச் சொல்ல முடியாது. ஆகவே அக்கருத்து தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யப்படுகிறது.

ஆய்வின் எல்லை பின்வருமாறு. தெற்கே லோயர் கேம்ப், மேற்கே போடிமெட்டு, வடக்கே பெரியகுளம், கிழக்கே ஆண்டிபட்டிக் கணவாய். கணவாயைத் தாண்டினால் மதுரை. அங்கே பல்கலைக்கழகம் இருக்கிறது; சிலபஸும் அரியரும் அந்த வழியாகத்தான் வருகின்றன. பெண்கள் கல்லூரிகள் சிலவற்றுக்கு மட்டும் அவை கொடைக்கானல் மலையிலிருந்து இறங்குகின்றன. இந்த எல்லைக்குள் உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956 முதல் இருக்கிறது. போடி சி.பி.ஏ. கல்லூரி ஏலத்தோட்டக்காரர் சங்கத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. தேனியிலும் வீரபாண்டியிலும் பெரியகுளத்திலும் மற்றவை. கீழே சொல்லப்படும் நிகழ்ச்சிகள் எந்தக் கல்லூரியில் நடந்தவை என்று குறிக்கப்படவில்லை. எல்லா ஊரிலும் நடப்பவற்றுக்கு முகவரி எதற்கு?

முன்னாய்வுகள் என்று பார்த்தால் ரெக்கார்டு நோட்டுகள் மட்டுமே உள்ளன. ஆனால் அவை அனைத்தும் ஒரே ரெக்கார்டு நோட்டின் படிகள் என்பதால் ஒற்றைச் சான்றாகவே கொள்ளப்பட்டன. மூலப்படி கிடைக்கவில்லை. சீனியர் ஒருவரிடம் இருந்ததாகவும், அவர் அதைத் தம் சீனியரிடமிருந்து பெற்றதாகவும் செவிவழிச் செய்தி உண்டு. படியெடுத்தோர் கைப்பிழையால் நேர்ந்த பாடபேதங்கள் பல. 'மீதைல் ஆரஞ்சு' என்பது ஒரு படியில் 'மீதி ஆரஞ்சு' என்று இருக்கிறது. பொருள் சிதையவில்லை என்பதால் அதையும் ஏற்றுக்கொண்டோம். எல்லாப் படிகளிலும் ஆசிரியரின் கையெழுத்து இருப்பதால் எல்லாமே அதிகாரபூர்வமானவை.

இவ்வறிக்கை நிறுவ முயல்வது ஒன்றைத்தான். இப்பள்ளத்தாக்கு மாணவருக்குத் தோட்டத்தில் நன்றாகத் தெரிந்திருக்கும் வேதியியல், லேபின் வாசற்படியை மிதித்ததும் மறந்துபோகிறது.

துத்த இயல்

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்த கொடி என்பது அதன் பூர்வகதை. பின்னாளில் அக்கொடிக்கு வேண்டிய மருந்தும் அதே பிரான்ஸிலிருந்தே வந்தது. போர்டோ பகுதியில் சாலையோரத் தோட்டக்காரர்கள், போகிற வருகிறவர்கள் பழத்தைப் பறிக்காமலிருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துக் கொடிகளில் தெளித்து வைத்தார்கள். பார்த்தாலே பயம் வரவேண்டும் என்பது கணக்கு. அப்படித் தெளித்த கொடிகளில் அடிச்சாம்பல் நோய் இல்லை என்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து, 1885-இல் உலகுக்கு அறிவித்தார். அறிவியல் வளர்ச்சியில் பழத் திருடர்களின் பங்கு இன்னும் சரியாக மதிப்பிடப்படவில்லை.

அந்தப் போர்டோ கலவைதான் இன்றும் திராட்சைப் பந்தலில் அடிக்கப்படுகிறது. மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் அழுகல் நோய்க்கும் அதுவே. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரும்பு வாளி ஆகாது. பிளாஸ்டிக் டிரம் வேண்டும். துத்தத் தண்ணீரைத்தான் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் கலவை திரிந்துபோகும். கலந்து முடித்ததும் தீட்டிய கத்தியை முக்கிப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் கரைசலில் செம்பு இன்னும் தனியாகத் திரிகிறது என்று பொருள். அப்படியே அடித்தால் இலை கருகும். ஏறாத வரைக்கும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

இதில் உள்ளவை: ஒரு வீழ்படிவாக்கல் வினை, ஒரு இடப்பெயர்ச்சி வினை, ஒரு முடிவுநிலைச் சோதனை. துத்தத்தின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 250 என்பதால், டிரம்மில் உள்ளது சுமார் 0.04 மோலார் கரைசல். பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில் ஒரு மாணவர் இதை நூறு லிட்டர் நூறு லிட்டராகத் தயாரிக்கிறார். ஜூலையில் கல்லூரியில் சேர்ந்து, அதையே நூறு மில்லிலிட்டர் தயாரிக்கச் சொன்னால், பக்கத்துப் பையனைப் பார்க்கிறார்.

மறதி எவ்வளவு முழுமையானது என்பதற்கு வைவா ஒன்றின் பதிவைக் காண்க.

"இரும்பு ஆணியைக் காப்பர் சல்பேட்ல போட்டா என்னப்பா ஆகும்?"

"ரியாக்ட் ஆகும் சார்."

"ஆகி?"

"ப்ராடக்ட் வரும் சார்."

"என்ன ப்ராடக்ட்?"

"ஃபைனல் ப்ராடக்ட் சார்."

அதே மாணவர், அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை, பந்தலுக்கடியில்:

"டேய், கத்திய முக்கிப் பாத்தியா?"

"பாத்தேன்ப்பா. செம்பு ஏறுது. இன்னுங் கொஞ்சம் சுண்ணாம்பு விடணும்."

இரண்டு இடங்களுக்கும் இடையே பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம். அறிவு எந்த ஸ்டாப்பில் இறங்கிவிடுகிறது என்பது கண்டக்டர்களிடம் விசாரிக்க வேண்டிய விஷயம். ஆய்வாளரின் துணிபு வேறு. தோட்டத்தில் தவறினால் இலை கருகும், லேபில் தவறினால் ரெக்கார்டில் சிவப்பு மை விழும். இலை கருகுவதை மாணவர் நம்புகிறார்.

வாடை இயல்

மேஜர் மாணவர்கள் உப்புகளைப் பிரித்தறிய ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைத் தயாரிப்பார்கள். அல்லைடு மாணவர்கள் அதை முகர்ந்து பங்களிப்பார்கள். கிப் என்ற ஹாலந்துக்காரர் 1844 வாக்கில் இதற்கென்று வடிவமைத்த கண்ணாடிக் கருவி பல லேப்களில் மூலையில் நின்றிருக்கிறது. வாடை அழுகிய முட்டை. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். நூறு பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. அதனால்தான் பல இடங்களில் இந்த வாயு இல்லாத முறைகளுக்கு மாறிவிட்டார்கள்.

இப்பள்ளத்தாக்கில் இதற்கு ஒரு புவியியல் பரிமாணமும் உண்டு. முதல் செமஸ்டர் தொடங்குவது ஆனி, ஆடியில். தென்மேற்குக் காற்று மலையிடுக்கு வழியே இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று பள்ளத்தாக்கின் நீளவாட்டில் வடகிழக்காக ஓடும். ஆகவே கட்டடத்தின் தென்மேற்கில் கெமிஸ்ட்ரி லேபை வைத்தவர், வடகிழக்கில் உள்ள தமிழ்த்துறைக்கு நாள்தோறும் செய்தி அனுப்புகிறார். கன்னி மூலையைப் பற்றி எத்தனையோ சொன்ன வாஸ்து சாஸ்திரம் கிப் கருவியைப் பற்றி மட்டும் மௌனம் காப்பது வியப்பு.

நல்ல வாடையும் உண்டு. கரிமச் சோதனையில் எஸ்டர் உருவானால் 'பழ வாசனை' வரும் என்று செய்முறைக் கையேடு சொல்கிறது. எந்தப் பழம்? எழுதியவர் பழம் விளையாத ஊர்க்காரராக இருக்க வேண்டும். பெரியகுளத்து மாணவி மாம்பழத்தை எதிர்பார்த்து முகர்கிறார், சின்னமனூர்க்காரர் வாழைப்பழத்தை. ஐசோஅமைல் அசிட்டேட் என்றால் சின்னமனூர் ஜெயிக்கும், வாழையின் வாசனை அதுதான். போடிக்காரருக்கோ எதை முகர்ந்தாலும் ஏலக்காய். அவரையும் குற்றம் சொல்ல இயலாது, ஏலக்காய் மணத்தில் பெரும்பங்கு வகிக்கும் ஆல்ஃபா டெர்பினைல் அசிட்டேட்டும் எஸ்டரே. கம்பத்துக்காரருக்குத்தான் சங்கடம். பன்னீர் திராட்சையின் மணத்துக்குக் காரணமான லினலூலும் ஜெரனியாலும் ஆல்கஹால்கள், எஸ்டர்கள் அல்ல. ஜெரனியால் ரோஜாவிலும் இருக்கிறது. எனவே கம்பத்து மாணவர் 'பழ வாசனை வரவில்லை' என்று எழுதினால் அதற்குப் பாதி மதிப்பெண்ணாவது தரவேண்டும் என்று இவ்வறிக்கை பரிந்துரைக்கிறது.

கோட்பாட்டியல்

ஆர்பிட்டல், ஹைப்ரிடைசேஷன் ஆகியவை குறித்து மாணவர்களிடம் கருத்து கேட்கப்பட்டது. 'இம்பார்ட்டண்ட் கொஸ்டின்' என்று அனைவரும் உறுதிபடக் கூறினர். அதற்கு மேல் எவரும் எதுவும் கூறவில்லை.

சுண்ணாம்பு குறித்து ஒரு சிறு குறிப்பு

தீச்சுடர்ச் சோதனையில் கால்சியம் செங்கல் சிவப்பைக் காட்டும். காட்டியதை மாணவர் கவனிக்காமல், வெள்ளை உப்பு என்ற ஒரே காரணத்துக்காக 'ஜிங்க்' என்று எழுதிவிட்டு, பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிக்கிறார். அந்தத் தண்ணீர் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர். 1895-இல் பென்னிகுக் கட்டி முடித்த அணையின் சாந்து சுண்ணாம்பும் சுர்க்கியும். சுர்க்கி என்பது செங்கல் பொடி. கால்சியத்தையும் செங்கலையும் சேர்த்து இத்தனை பெரிய குறிப்பு மலைமேல் எழுதிப்போட்டிருக்க, ஜிங்க் என்று எழுதியதை ஆய்வாளரால் மன்னிக்க முடியவில்லை.

டைட்ரேஷன் இயல்

இனி முக்கியமான பகுதி. பியூரெட், பிப்பெட் என்ற பெயர்களை 1824-இல் நிலைநாட்டியவர் கே-லுசாக். அவரும் பிரெஞ்சுக்காரரே. கொடி, மருந்து, குழாய் மூன்றும் ஒரே தேசத்துச் சீதனமாக இருக்க, பார்ட் ஒன்றில் பிரெஞ்சு எடுக்க இந்த வட்டாரத்தில் ஆளில்லை.

செய்முறை எளிது. 20 மில்லி ஆக்சாலிக் அமிலத்தைப் பிப்பெட்டில் எடுத்துக் குடுவையில் விட்டு, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 'கை பொறுக்கும் சூட்டுக்கு' வெதுப்பி, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்ட வேண்டும். உண்மையில் தேவைப்படுவது 60 முதல் 70 டிகிரி. ஆனால் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் அக்னிச்சட்டி எடுக்கும் ஊரில், கை பொறுக்கும் சூடு என்பதை அளவுகோலாக வைப்பது எவ்வளவு தூரம் சரி? கொதிக்கும் குடுவையைச் சாதாரணமாகத் தூக்கிவரும் மாணவி ஒருவர் இருந்தார். அவருடைய அமிலம் பாதி சிதைந்துவிட்டது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. திருவிழாவும் செமஸ்டர் தேர்வும் அடுத்தடுத்தே வருவதால், நேர்த்திக்கடன்களுக்கும் பிராக்டிக்கலுக்கும் உள்ள தொடர்பு தனியே ஆராயத்தக்கது.

முடிவுநிலையில் நிறம் 'லேசா ரோஸ்' ஆகி, சற்று நேரம் நிலைத்து நிற்க வேண்டும். லேசு என்றால் எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே மூன்று மரபுகள் உண்டு. மென்ரோஸ் மரபினர் வெள்ளைத் தாளைக் குடுவைக்கு அடியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, 'வந்துருச்சா?' என்று கேட்பவர்கள். அடர்ரோஸ் மரபினர், வந்ததா என்று பார்க்கத் திரும்பிய நேரத்தில் மேலும் இரண்டு மில்லி போய்விட்டவர்கள். பழுப்பு மரபினர் கந்தக அமிலம் ஊற்ற மறந்தவர்கள். அவர்களுக்கு மாங்கனீசு டையாக்சைடு வீழ்படிந்து கலங்கிய குளம்போல ஆகிவிடும். மூன்றாம் மரபினருக்கு லேப் அட்டெண்டர் அண்ணனைத் தவிர வேறு புகலிடமில்லை. அவர் எட்டிப் பார்த்து, 'ஊத்திட்டு மறுபடி எடு தம்பி' என்பார். அந்த லேபில் சொல்லப்படும் வாக்கியங்களில் சோதனையால் மெய்ப்பிக்கப்பட்டது அது ஒன்றே.

இப்போது தேற்றத்துக்கு வருவோம். பெர்மாங்கனேட்டின் முதற்சொட்டு மெதுவாகத்தான் நிறம் இழக்கும். கொஞ்சம் வினை நடந்து மாங்கனீசு அயனிகள் உண்டானதும், அவையே வினையூக்கியாகி, அடுத்தடுத்த சொட்டுகள் விழுந்த கணமே வெளுக்கும். இதற்குத் தன்வினையூக்கம் என்று பெயர். குடுவைக்குள் நடக்கும் இதே வினை குடுவைக்கு வெளியிலும் நடக்கிறது என்பது ஆய்வாளரின் கண்டுபிடிப்பு. முதல் அரை மணி நேரம் யாரும் தன் அளவை யாருக்கும் சொல்வதில்லை. பிறகு ஒருவர் '18.6' என்று முணுமுணுக்கிறார். 18.6 கேட்டவருக்கும் 18.6 வருகிறது. அவர் அடுத்த பெஞ்சுக்கு வினையூக்கியாகிறார். பத்து நிமிடத்தில் அறை முழுக்க 18.6. பெஞ்சுக்கு பெஞ்சு பாட்டிலை மாற்றி வைத்த எக்ஸ்டர்னல், அறையின் நடுவில் நின்று, இயற்கையின் இந்த ஒழுங்கை ரசித்துக்கொண்டிருக்கிறார்.

கன்கார்டன்ட் வேல்யூ, அதாவது இரண்டு முறை செய்து 0.1 மில்லிக்குள் ஒத்துப்போகும் அளவு வேண்டும் என்பது விதி. மாணவர்கள் முதல் அளவைச் செய்கிறார்கள், இரண்டாவதை எழுதுகிறார்கள். எழுதியது செய்ததோடு ஒத்துப்போகாத நிகழ்வு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. உலகின் மிகத் துல்லியமான ஆய்வுக்கூடங்களிலும் இத்தகைய ஒற்றுமை அரிது.

மேலாய்வுக்கு உரியவை

போடிக்கு அருகே பொட்டிபுரம் மலையடியில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. 50,000 டன் காந்த இரும்பு என்பது திட்டம். மக்கள் எதிர்ப்பால் அது எழும்பவில்லை. இருந்தாலும் அல்லைடு கெமிஸ்ட்ரிக்கு அதில் ஒரு பாத்தியதை உண்டு. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களை முதன்முதலில் பிடித்தவர் ரேமண்ட் டேவிஸ் என்ற வேதியியலாளர். அமெரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்துக்கடியில் 615 டன் டிரை-கிளீனிங் திரவத்தை நிரப்பி, அதில் குளோரின் ஆர்கானாக மாறியதை விரல்விட்டு எண்ணும் அளவில் பிரித்தெடுத்தார். கோட்பாட்டினர் கணக்குப்போட்டுச் சொன்ன அளவில் மூன்றில் ஒரு பங்குதான் அவருக்கு வந்தது. கால் நூற்றாண்டு திரும்பத் திரும்பச் செய்தும் அதுவே வந்தது. பக்கத்துப் பெஞ்சு என்று ஒன்று அந்தச் சுரங்கத்தில் இல்லை.

நம் மதிப்பெண் முறைப்படி அவருடைய பிழை 66 விழுக்காட்டுக்கும் மேல், பிராக்டிக்கலில் ஃபெயில். அவருடைய அளவு சரி, வழியில் நியூட்ரினோக்கள்தான் வகை மாறியிருந்தன என்று பின்னர் தெரிந்து, 2002-இல் நோபல் பரிசு அறிவித்தார்கள். அப்போது அவருக்கு வயது 87. அரியர் எழுதச் சொல்லவில்லை.