பட்டன் நிறம் இன்னும் முடிவாகவில்லை

கலசப்பாக்கத்தில் செய்யாற்றங்கரைக்குப் போகும் வழியிலோ, போளூர் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்திலோ இவரைப் பார்க்கலாம். எதிரே பர்வதமலை அத்தனை பெரிதாக நிற்கும். இவர் கண் கைபேசியை விட்டு நகராது. கட்டைவிரலால் திரையை மேலும் கீழும் தள்ளிவிட்டு, “ரெண்டு பிக்சல் எடதுபக்கம் ஒதுங்கிடுச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். இவர்தான் தீம் தம்பி.

பொறியியல் படித்தவர். சென்னையில் கொஞ்ச காலம் ஐடி வேலை. கொரோனாவுக்கு ஊர் திரும்பியவர், அப்படியே தங்கிவிட்டார். ஜவ்வாது மலைத் தேன், சாமை, புளி, கடுக்காய் எல்லாவற்றையும் ஆன்லைனில் உலகத்துக்கே விற்கப்போகிறார். கடைக்குப் பெயர் வைத்தாயிற்று. லோகோவும் முடிந்தது, இரண்டாவது தடவையாக. ‘கூடையில் சேர்’ பட்டனுக்கு என்ன நிறம் என்பதுதான் இன்னும் இழுபறியில் இருக்கிறது.

எந்த மென்பொருளில் கடை கட்டுகிறீர்கள் என்று மட்டும் இவரைக் கேட்டுவிடக்கூடாது. கேட்டால், உங்கள் பஸ் போய்விடும். 2000-இல் ஜெர்மனியில் ஓஎஸ்காமர்ஸ் பிறந்தது, 2003-இல் கருத்து ஒத்துப்போகாத சிலர் பிரிந்துபோய் ஜென் கார்ட் கண்டது, 2011-இல் ஜிகோஷாப்பிலிருந்து வூகாமர்ஸ் கிளைத்தது, 2015-இல் அதை ஆட்டோமாட்டிக் நிறுவனம் வாங்கியது, 2018-இல் மஜென்டோவை அடோபி 168 கோடி டாலருக்கு மடக்கியது என்று பங்காளிகள் பிரிந்த கதையாகவே சொல்வார். “ஆனா ஒண்ணு, சார். நம்ம ஊர்ல பாகம் பிரிச்சா நடுவுல செவுரு எழுப்புவாங்க. இதுல பிரிஞ்சு போறவன் மொத்த வீட்டையும் நகல் எடுத்துக்கினு போவான். அண்ணன் வீட்ல ஒரு செங்கல் கொறையாது!”

சொல்வது நியாயம்தான். தம்பி கடை கட்டும் வூகாமர்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. யாரும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் தரலாம். மாற்றுவதை எப்போது நிறுத்தவேண்டும் என்று மட்டும் அந்த உரிமத்தில் ஒரு வரியும் கிடையாது. நம் தம்பி மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான்.

சரக்குக்கு முதல் போட்டவர் தாய்மாமன். மண்டி வைத்திருக்கிறார். அவருடைய டிசைன் கொள்கை தெளிவானது: வெள்ளையாக இடம் விட்டால் அது வீண்.

“மாப்ள, மேல என் போட்டோவப் போடு. இந்தப் பக்கம் அண்ணாமலையார், அந்தப் பக்கம் பர்வதமலை. கீழ எழுத்து ஓடிக்கினே இருக்கணும்.”

“மாமா, இது மினிமலிஸ்ட் டிசைன்.”

“அப்படின்னா?”

“தேவையில்லாதது எதுவும் இருக்காது. நெறைய எடம் வெள்ளையா விடுவோம்.”

“வெள்ளையா விடறதுக்காடா ஆறு மாசம்?”

தம்பி பதில் சொல்லமாட்டார். வெள்ளையிலேயே எத்தனை வெள்ளை இருக்கிறது என்பது மாமாவுக்கு எப்படித் தெரியும்? அந்த வெள்ளையின்மேல் இளஞ்சாம்பல் நிறத்தில், எறும்பு அளவில் விலையைப் போட்டிருக்கிறார். பெரிய மானிட்டரில் பார்த்தால் பாரிஸ் நகரத்துக் கடை தோற்றுவிடும். வாங்குகிறவர்கள் பார்ப்பதோ கைபேசியில். சாமை கிலோ என்ன விலை என்று தெரியவேண்டுமானால், ஜவ்வாது மலைக்கு மேலே காவலூரில் இருக்கிற 2.3 மீட்டர் தொலைநோக்கியைத்தான் இரவல் கேட்கவேண்டும்.

பண்டிகை வந்தால் தம்பிக்குத் தூக்கம் போய்விடும். ரதசப்தமிக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் புறப்பட்டுக் கலசப்பாக்கம் செய்யாற்றில் தீர்த்தவாரி காண வருகிறார். ஊரே ஆற்றில் கூடும் அந்த நாளுக்கு ‘ரதசப்தமி சலுகை’ என்று ஒரு பேனர். ஏழு குதிரையும் தேரும் வரைந்து, தேர்ச்சக்கரம் சுழல்வதற்கும் நிரல் எழுதினார். சக்கரம் சுழலத் தொடங்கியபோது சுவாமி திருவண்ணாமலைக்குத் திரும்பிப் பல நாள் ஆகியிருந்தது. “அடுத்த வருசத்துக்கு ரெடி” என்றார் தம்பி, கொஞ்சமும் வருத்தமில்லாமல்.

பக்கத்தின் நிறத்தையும் அளவையும் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால், ஆச்சரியக்குறி போட்டு ‘இம்பார்ட்டன்ட்’ என்று அதட்டலாம். தம்பியின் கோப்பில் அதட்டல் இல்லாத வரியே கிடையாது. எல்லாமே முக்கியம் ஆகிவிட்டதால், பட்டன் நேற்று பச்சை, இன்று காவி. நாளைக்கு என்ன என்பது அவருக்கே தெரியாது.

கடையின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீம் பற்றி ஊருக்கு உபதேசம் செய்வதில் குறைவில்லை. “ஒரிஜினல் தீம்ல கைவைக்கவே கூடாது. சைல்ட் தீம் போட்டுத்தான் மாத்தணும். இல்லன்னா அப்டேட் வந்தா அத்தனையும் போயிடும்” என்று படிக்கிற பையன்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பார். தாம் மட்டும் அவசரத்துக்கு ஒரிஜினலிலேயே கை வைப்பார். ஓர் இரவு அப்டேட் வந்தது. காலையில் பார்த்தால் சாம்பல் எழுத்தும் இல்லை, தேரும் இல்லை. மென்பொருளை இறக்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது கடை: பெரிய எழுத்தில் விலை, அதன் கீழே கண்ணுக்குத் தெரிகிற பட்டன். தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, மாமா கைபேசியைத் தூரப்பிடித்துப் பார்த்துவிட்டு முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

“இன்னிக்குத்தாண்டா கடை கடையாட்டம் இருக்குது!”

அன்று முழுக்கத் தம்பி சாப்பிடவில்லை.

உண்மையில் மாற்றவேண்டியவை சில இருந்தன. தேன் வாங்கவந்த ஆரணி அம்மாளிடம் கம்பெனிப் பெயர் கேட்கும் கட்டத்தை எடுத்திருக்கலாம். கால் கிலோ, அரை கிலோ என்று எடையைப் பதிந்திருக்கலாம். எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பும் கட்டணம் என்று ஷிப்பிங் பக்கத்தில் போட்டிருக்கலாம். அதைப் போடாததால், அத்தனை அழகான பட்டனை அழுத்தியவர்களுக்கு, உங்கள் முகவரிக்கு அனுப்ப வழியில்லை என்ற பதில்தான் வந்தது. ஆனால் அந்தப் பக்கங்களில் நிறம் இல்லை, வளைவு இல்லை, நிழல் இல்லை. தம்பிக்கு அங்கே என்ன வேலை?

மாமா மிரட்டி உட்காரவைத்து ஒருநாள் கட்டணத்தைப் போடச்செய்தார். முதல் ஆர்டர் வந்தேவிட்டது: சென்னைக்கு ஒரு கிலோ தேன், இரண்டு கிலோ சாமை. ரசீதில் முகவரி மூன்று வரிக்குமேல் போய் ஓரத்தை உடைத்துக்கொண்டு நின்றதால், தம்பி ரசீதைத் திருத்த உட்கார்ந்தார். மாமா பாட்டிலுக்கு வைக்கோல் சுற்றி, அட்டைப்பெட்டியில் ஸ்கெட்ச் பேனாவால் முகவரி எழுதி, கூரியரில் போட்டுவிட்டு வந்தார்.

அந்த வாரமே தேனையும் சாமையையும் புகழ்ந்து, ஐந்து நட்சத்திரமும் போட்டு வாடிக்கையாளர் எழுதியிருந்தார். மாமா மண்டியில் இருந்தவர்களுக்கெல்லாம் அதை உரக்கப் படித்துக்காட்டினார். தம்பி எட்டிப் பார்த்தார். முகம் வாடியது.

“இன்னாடா?”

“நட்சத்திரம் ஊதா கலர்ல இருக்குது, மாமா. சரி பண்ற வரைக்கும் கடைய மூடிடலாம்.”